ஊரார் சொத்தும் ஊரார் பிள்ளைகளும்

பனி என்று சொன்னால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியே நம் நினைவுக்கு வரும். ஏரியும் குளமும் இறுகிக் கல்லாகி, அவற்றின்மேல் வண்டி ஓட்டிச் செல்லும் நாடுகளும் இறைவனின் படைப்பில் உள்ளன. கனடா அவற்றுள் ஒன்று. அங்கே நடக்கத் தெரிந்த சிறுவன் அடுத்துக் கற்பது, காலணியின் அடியில் எஃகு அலகைப் பொருத்திக்கொண்டு உறைந்த நீரின்மேல் வழுக்கி ஓடுவதைத்தான். அப்படி ஓடிக்கொண்டே வளைந்த கோலால் ஒரு ரப்பர் வட்டை அடித்து எதிரணியின் வலைக்குள் செலுத்தும் ஆட்டமே ஐஸ் ஹாக்கி.

அந்த விளையாட்டின் விதிகளை விளக்க நாம் இங்கே முற்படவில்லை. ஒரு சிற்றூர் தன் பொதுச்சொத்தாக வைத்துப் பேணிவரும் ஓர் இளைஞர் அணியின் வரலாற்றையே எழுதுகிறோம். பள்ளிவாசலையும் மதரஸாவையும் அடக்கத்தலத்தையும் வக்ஃபு நிலத்தையும் பொதுவில் வைத்துக் காத்துவரும் சமுதாயத்தினர் நாம். பெருமையோடு கேட்க வேண்டிய செய்தியும், தலைகுனிந்து சிந்திக்க வேண்டிய செய்தியும் அந்த வரலாற்றில் நமக்கு இருக்கின்றன.

கோதுமை நிலத்தின் கூட்டுறவு

கனடாவின் மேற்குப் பகுதியில் சஸ்காச்சுவான் என்றொரு மாகாணம் உண்டு. கண்ணுக்கெட்டிய தூரம்வரை கோதுமை வயல்; குளிர்காலத்தில் அதே தூரத்துக்கு வெண்பனி. அம்மாகாணத்தின் தென்மேற்கில் உள்ள ஊர் ஸ்விஃப்ட் கரண்ட். இன்றும் அதன் மக்கள்தொகை இருபதாயிரத்தை எட்டவில்லை.

1930ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்து, மண் காற்றில் பறந்து, அந்த வட்டாரம் பெரும் பஞ்சத்தை அனுபவித்தது. தனி மனிதன் தனியாக நின்றால் பிழைக்க முடியாது என்ற பாடத்தை அந்த உழவர்கள் அன்று கற்றார்கள். அதற்கு முன்பே, 1924இல், தங்கள் கோதுமையைக் கூட்டாக விற்பதற்கென ஒரு பெரிய கூட்டுறவு அமைப்பை மாகாணத்து உழவர்கள் ஏற்படுத்தியிருந்தனர். 1946ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஸ்விஃப்ட் கரண்ட் வட்டாரம் இன்னொரு படி முன்னே சென்றது. ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடின்றி வட்டாரத்தினர் அனைவருக்கும், அவர்கள் செலுத்தும் வரிப்பணத்தைக் கொண்டே மருத்துவமும் மருத்துவமனைச் சேவையும் கிடைக்கும் பொதுத்திட்டத்தை அவ்வூரார் தொடங்கினர். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1962இல், மாகாணம் முழுவதுக்கும் பொது மருத்துவக் காப்புறுதி வந்தது. பின்னர் கனடா நாடே அந்த வழியைப் பின்பற்றியது. நாடு போற்றும் ஓர் ஏற்பாட்டுக்கு இந்தச் சிற்றூர் முன்னோடியாக விளங்கியது.

இத்தகைய ஊர் தனக்கென ஒரு ஹாக்கி அணியை விரும்பியதில் வியப்பில்லை. 1967இல் 'பிராங்கோஸ்' என்ற பெயரில் அணி தோன்றியது. பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற பிரையன் டிராட்டியர் இளமையில் ஆடியது இங்கேதான். ஆனால் 1974இல் அணி லெத்பிரிட்ஜ் என்ற பெரிய நகருக்குப் பெயர்ந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் ஊர் காத்திருந்தது. 1986இல் ஊரார் முயன்று அணியைத் திரும்பக் கொண்டுவந்தனர். அது எந்தச் செல்வந்தரின் உடைமையும் அன்று, ஊரின் உடைமை.

ஊர் ஓர் அணியை உடைமையாகக் கொள்வது எப்படி? முறை எளியதுதான். இலாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளாத அமைப்பாக அணி பதிவு செய்யப்படுகிறது. உறுப்பினர்கள் கூடி நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கின்றனர். அக்குழுவினர் ஊதியமின்றி உழைக்கின்றனர். ஆண்டுக்கொருமுறை பொதுக்கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு படிக்கப்படுகிறது. நட்டம் வந்தால் ஊர் தாங்குகிறது. உபரி வந்தால் அடுத்த ஆண்டுக்காக ஒதுக்கப்படுகிறது. மூஸ் ஜா, பிரின்ஸ் ஆல்பர்ட் ஆகிய ஊர்களின் அணிகளும் இம்முறையில் நடப்பவையே. கிழக்கே ஒன்டாரியோ மாகாணத்துக் கிச்சனர் நகர அணியும் ஊரார் பொறுப்பில் நடந்து வருகிறது. அங்கே பருவச்சீட்டு வாங்கியோரே நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கின்றனர். நம் தாய்மார்கள் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து மதரஸாவுக்கென்று கலயத்தில் போட்டுவைத்த வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது.

இன்னொன்றும் கூற வேண்டும். அணியில் ஆடுவோர் பதினாறு முதல் இருபது வயதுக்குட்பட்ட இளைஞர்கள். பலர் தொலைதூர ஊர்களிலிருந்து பெற்றோரைப் பிரிந்து வருவோர். உள்ளூர்க் குடும்பங்கள் அவர்களைத் தம் வீட்டில் தங்கவைத்து, உணவளித்து, பள்ளிக்கும் அனுப்புகின்றன. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்ற நம் முதுமொழி, அந்தப் பனி நாட்டில் அன்றாட வாழ்க்கையாக இருக்கிறது.

நால்வர்

அணி திரும்பி வந்த அதே ஆண்டு, 1986 டிசம்பர் 30. சுமார் 240 கிலோமீட்டர் கிழக்கே உள்ள ரெஜைனா நகரில் ஆட்டம். பிற்பகலில் அணியின் பேருந்து புறப்பட்டது. சாலையில் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய பனிப்படலம் படிந்திருந்தது. ஊரை விட்டு நீங்கிய சிறிது நேரத்திலேயே பேருந்து வழுக்கிச் சாலையை விட்டு விலகிக் கவிழ்ந்தது. பின்னிருக்கைகளில் அமர்ந்து சீட்டாடிக்கொண்டிருந்த நால்வர் மாண்டனர். டிரெண்ட் கிரெஸ், வயது 20. ஸ்காட் குரூகர், வயது 19. கிறிஸ் மான்டிக்கா, வயது 19. பிரெண்ட் ரஃப், வயது 16.

குரூகர் அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. மற்றவர்கள் பிற ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஆனால் துக்கத்தில் அந்த வேறுபாடு இல்லை. ஆட்டம் நடக்கும் அரங்கமே இரங்கற் கூட்டத்துக்குரிய இடமாயிற்று. ஊர் முழுவதும் திரண்டு வந்தது. இறந்த நால்வரின் எண்களைத் தாங்கிய நான்கிலைச் சின்னம் அணியின் அடையாளமாயிற்று. அந்த மேற்குப் பகுதிப் போட்டித் தொடரில் ஆண்டுதோறும் தலைசிறந்த ஆட்டக்காரருக்கு வழங்கப்படும் விருது இன்றும் அந்த நால்வரின் பெயரால் வழங்கப்படுகிறது.

அணியைக் கலைத்துவிடவில்லை. எஞ்சிய இளைஞர்கள் மீண்டும் பனித்தளத்தில் இறங்கினர். பேருந்தில் உயிர் தப்பியவர்களுள் பதினேழு வயது ஜோ சாக்கிக்கும் ஒருவர். அந்தப் பருவத்தில் அவர் 60 கோல்கள் அடித்தார். மூன்றாம் ஆண்டில், 1989 மே மாதம், சாஸ்கடூன் நகரில் 'மெமோரியல்' கோப்பைக்கான இறுதி ஆட்டம் நடைபெற்றது. முதல் உலகப் போரில் உயிர்நீத்த கனடிய வீரர்களின் நினைவாக 1919இல் ஏற்படுத்தப்பட்ட அக்கோப்பையே, அந்நாட்டு இளைஞர் ஹாக்கியின் தலையாய பரிசு. கூடுதல் நேரத்தில் டிம் டிஸ்டேல் அடித்த கோலால் பிராங்கோஸ் 4க்கு 3 என்ற கணக்கில் வென்றது. மாண்ட ஸ்காட் குரூகரின் சகோதரர் இருவர் அந்த வெற்றி அணியில் ஆடினர் என்பதை நினைக்கும்போது நம் கண்களும் கலங்குகின்றன.

நாம் இத்துடன் நிறுத்திவிட்டால் இது ஓர் இனிய கதையாக முடிந்துவிடும். ஆனால் வரலாறு எழுதுவோர் பாதியை எழுதி மீதியை மறைக்கலாகாது.

வெற்றியின் நிழலில்

கோப்பையை வென்ற அணிக்குப் பயிற்சியாளராகவும் பொது மேலாளராகவும் ஒருவரே இருந்தார். பெயர் கிரஹாம் ஜேம்ஸ். துயரத்திலிருந்து ஊரை மீட்டவர் என்று அவரைக் கொண்டாடினார்கள். 1989இல் ஒரு புகழ்பெற்ற ஹாக்கி இதழ் அவரை ஆண்டின் சிறந்த மனிதராகத் தேர்ந்தெடுத்தது.

1997 ஜனவரியில் அதே மனிதர் நீதிமன்றத்தில் குற்றவாளியாக நின்றார். தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட இளைஞர் இருவரைப் பல ஆண்டுகளாகப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியதை அவரே ஒப்புக்கொண்டார். குற்றங்களின் எண்ணிக்கை சுமார் 350. தண்டனை மூன்றரை ஆண்டுச் சிறை. அந்த இருவருள் ஒருவர், 1986ஆம் ஆண்டுப் பேருந்தில் உயிர் தப்பியவரும், 1989இல் கோப்பையைத் தூக்கியவருமான ஷெல்டன் கென்னடி. தம் பெயரை மறைக்காமல் வெளியே வந்து பேசினார் அவர். பின்னர் வேறு சிலரும் முன்வந்தனர். 2012இல் ஜேம்ஸுக்கு மீண்டும் இரண்டு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அது போதாதென்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் ஐந்தாண்டாக உயர்த்தியது.

இது எப்படி இத்தனை ஆண்டு மறைந்திருந்தது என்று நாம் வினவ வேண்டும். எவன் ஆடுவான், எவன் வெளியே உட்காருவான், எவன் பெரிய அணிகளின் கண்ணில் படுவான் என்பதெல்லாம் அந்த ஒரே மனிதரின் கையில் இருந்தன. பெற்றோர் தொலைவில் இருந்தனர். அவரைக் குறைகூறுவது, நால்வரின் நினைவையும் ஊரின் வெற்றியையும் குறைகூறுவதாகத் தோன்றும் நிலை ஏற்பட்டிருந்தது. விபத்துக்குப் பின் இளைஞர்களுக்கு மனநல ஆலோசகர்களின் உதவியை அவர் அனுமதிக்கவில்லை என்று ஆட்டக்காரர்கள் பின்னாளில் கூறினர். தோழர்களைப் பறிகொடுத்த பிள்ளைகள் தம் துயரத்தைச் சொல்லவும் ஆளின்றி நின்றனர். வெளியார் ஒருவர் அந்தப் பிள்ளைகளிடம் அமர்ந்து பேசியிருந்தால், மற்றக் கொடுமையும் அன்றே வெளிப்பட்டிருக்கக் கூடும் என்று நாம் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் பொதுக்கூட்டம் கூடும் அமைப்பு அது. வரவு செலவைக் கேட்க எல்லோருக்கும் உரிமை இருந்தது. பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க ஒரு முறை இல்லாமல் போயிற்று.

மௌனம் கலைந்த பின்

கென்னடி தம் வேதனையைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. 1998இல் சக்கரக் காலணி அணிந்து கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைவரை பயணம் செய்து, இத்தகைய கொடுமைக்கு ஆளானோருக்காக நிதி திரட்டினார். 2004இல், பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளைக் காக்கும் முறைகளைக் கற்பிக்கும் நிறுவனமொன்றை நண்பருடன் தொடங்கினார். 2014இல் கனடா நாட்டின் உயர் விருது அவருக்குக் கிடைத்தது.

2018 ஏப்ரல் 6. அதே சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஹம்போல்ட் என்ற ஊரின் இளைஞர் அணிப் பேருந்து விபத்துக்குள்ளாகி, பதினாறு பேர் மாண்டனர். அதுவும் ஊரார் உடைமையான அணியே. அதன் பெயரும் பிராங்கோஸ்தான். செய்தி கேட்டதும் 1986இன் பேருந்தில் இருந்தவர்கள் சிலர், கென்னடி உட்பட, அவ்வூருக்கு விரைந்தனர். தமக்கு அன்று கிடைக்காத ஆறுதலை அந்தக் குடும்பங்களுக்கு வழங்கவே அவர்கள் சென்றனர். பேசுங்கள், அழுங்கள், உதவியைக் கேட்க வெட்கப்படாதீர்கள் என்பதே அவர்கள் கொண்டுசென்ற செய்தி.

ஸ்விஃப்ட் கரண்ட் அணியை அவ்வூரார் கைவிட்டுவிடவில்லை. 1993இலும் 2018இலும் அது மேற்குப் பகுதிப் பட்டத்தை வென்றது. பொதுச்சொத்தில் கேடு புகுந்தது என்பதற்காகப் பொதுச்சொத்தே வேண்டாம் என்று முடிவு செய்வது அறிவாகாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

நமக்கு மகிழ்வூட்டும் செய்தி ஒன்றையும் இங்கே குறிப்பிடலாம். லெபனானிலிருந்து கனடாவில் குடியேறிய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் நாஸிம் காத்ரி. அவர் இளமையில் ஆடியது, முன்னே நாம் சொன்ன கிச்சனர் ஊரார் அணியில். 2022இல் வட அமெரிக்க ஹாக்கியின் மிக உயர்ந்த பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்ற கொலராடோ அணியில் அவர் இருந்தார். அந்த அணியை அமைத்த நிர்வாகி, 1986ஆம் ஆண்டுப் பேருந்தில் உயிர் தப்பிய ஜோ சாக்கிக். வென்ற கோப்பையைக் காத்ரி தம் ஊரான லண்டன், ஒன்டாரியோவின் பள்ளிவாசலுக்குக் கொண்டுசென்று சமுதாயத்தாருக்குக் காட்டி மகிழ்ந்தார்.

அமானிதம்

பொதுச்சொத்தை நாம் அமானிதம் என்கிறோம். வக்ஃபு நிலத்தின் எல்லைக் கல் நகர்ந்தால் ஜமாஅத் கூடிக் கேட்கிறது. உண்டியல் கணக்கில் குறைந்தால் முத்தவல்லி பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்லது, அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் நம் ஓதும் பள்ளிகளிலும், அநாதை இல்லங்களிலும், மாணவர் விடுதிகளிலும் ஊர் நம்மை நம்பி ஒப்படைத்திருப்பது நிலமும் பணமும் மட்டுமா? தாய் தந்தையரை விட்டு வந்து உறங்கும் அந்தப் பிள்ளைகளே அமானிதங்களுள் பெரியது.

ஒருவர் கைராசிக்காரர், ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் என்பதால் அவரிடம் கேள்வி கேட்கக் கூடாது என்ற எண்ணம் எந்த மஹல்லாவிலும் வேரூன்றக் கூடாது. அதிகாரம் அனைத்தையும் ஒரே கையில் கொடுத்துவிட்டு ஆண்டுக் கணக்கை மட்டும் கேட்பது காவல் ஆகாது. ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல வரும்போது, ஊர் மானம் போய்விடும் என்று அதன் வாயை அடைப்பவர், ஊரின் மானத்தைக் காப்பவர் அல்லர்.

ஸ்விஃப்ட் கரண்டிலிருந்து ரெஜைனா செல்லும் நெடுஞ்சாலையில், விபத்து நடந்த இடத்தருகே அந்த நால்வருக்கும் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டிருக்கிறது. பேருந்தில் உயிர் தப்பியும் பல ஆண்டுகள் வாய் திறக்க முடியாமல் தவித்த பிள்ளைகளுக்கு அத்தகைய கல் எதுவும் தேவையில்லை. நம் பொறுப்பில் உள்ள பிள்ளைகள் அச்சமின்றிப் பேசவும், நாம் அமர்ந்து கேட்கவும் ஓர் ஏற்பாட்டை ஒவ்வொரு ஜமாஅத்தும் செய்துவைக்குமானால், அதுவே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையாகும். வல்ல இறைவன் அதற்கு நமக்குத் துணைபுரிவானாக.