கோபம் கொண்ட மொத்தார்கள்

ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். ஆயுள் முழுக்கக் குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவனுக்குக் கணக்கில்லாமல் பேச வராது.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிள் ஒரு விநாடியில் 25 மீட்டர் தாண்டுகிறது. முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் குறைந்தது 2 விநாடி இடைவெளி வேண்டும் என்பது பிரான்சின் சாலை விதி. அப்படியானால் 50 மீட்டர். 100 மோட்டார் சைக்கிள்கள் ஒற்றை வரிசையில் இந்த விதிப்படி போனால் தலைக்கும் வாலுக்கும் நடுவே 5 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட 130 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 7 கிலோமீட்டருக்கும் மேல். தலைவர் மதகடிப்பட்டில் இருப்பார், கடைசி ஆள் அப்போதுதான் கண்டமங்கலம் தாண்டிக்கொண்டிருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இதைக் கூட்டம் என்று யார் சொல்வார்?

நெருக்கமாகப் போனால் கூட்டம், ஆனால் ஆபத்து. விலகிப் போனால் பத்திரம், ஆனால் கூட்டம் இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்கப் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பல வருடங்கள் பிடித்தன. அதுவும் பாதுகாப்பு வகுப்பு நடத்திக் கற்றுக்கொண்டதில்லை. அரசாங்கத்தோடு சண்டை போட்டுக் கற்றுக்கொண்டார்கள்.

முதலில் தலைப்பில் உள்ள சொல். பிரெஞ்சில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரை 'மொத்தார்' என்பார்கள். ஆரம்பத்தில் அது மோட்டார் சைக்கிள் போலீஸ்காரரைக் குறித்த பேச்சுவழக்கு. அந்தச் சொல்லின் கடைசியில் வரும் 'ஆர்' விகுதி பிரெஞ்சில் கொஞ்சம் மட்டமானது. தற்பெருமைக்காரன், தறிகெட்டு வண்டி ஓட்டுபவன் போன்ற சொற்களுக்கெல்லாம் அதே வால்தான். பள்ளிக்கூடத்தில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் இந்த விகுதியை ஒரு முழு வகுப்பு நடத்தினார். பிரான்சின் மோட்டார் சைக்கிள்காரர்கள் அந்த மட்டமான வாலை வெட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டு, கூடவே 'கோபம் கொண்ட' என்ற அடைமொழியையும் சேர்த்து, 1980-இல் தங்கள் சம்மேளனத்துக்குப் பெயர் சூட்டினார்கள். கோபம் கொண்ட மொத்தார்களின் பிரெஞ்சு சம்மேளனம். அரசுக் கோப்பில் இப்படி ஒரு பெயரை டைப் அடிக்கும் குமாஸ்தாவின் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன்.

கோபம் எங்கிருந்து வந்தது?

1969-இல் ஹோண்டா சிபி 750 விற்பனைக்கு வந்தது. அதுவரை பெரிய மோட்டார் சைக்கிள் என்பது பணக்காரரின் விளையாட்டு, அல்லது ஓயாமல் ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவரின் பைத்தியம். ஜப்பான்காரன் நம்பகமான, வேகமான வண்டியைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பையனுக்கும் எட்டும் விலையில் கொடுத்துவிட்டான். பாரிசில் வெள்ளிக்கிழமை இரவுகளில் இளைஞர்கள் வண்டியோடு பஸ்தீய் சதுக்கத்தில் கூடுவார்கள். பிறகு ஊருக்குத் தெற்கே ரூன்ஜிஸ் மொத்த விற்பனைச் சந்தையை ஒட்டிய சாலைகளில் பந்தயம் நடக்கும். அனுமதி கிடையாது, ஆம்புலன்ஸ் கிடையாது. பலர் செத்தார்கள். அங்கே இறந்துபோன ஓர் இளம்பெண்ணின் பெயரில்தான் பாரிசுக்கு வடகிழக்கே கரோல் என்ற பந்தயத் தடம் 1979 டிசம்பரில் திறக்கப்பட்டது. தெருவில் சாகாதீர்கள், இங்கே வந்து ஓட்டுங்கள் என்று அரசு கொடுத்த இடம் அது. இன்றும் இருக்கிறது.

அரசின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1972-இல் மட்டும் பிரான்சின் சாலைகளில் 16,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வருடம்தான் சாலைப் பாதுகாப்புக்கென்று தனிப் பதவி உருவாக்கி கிறிஸ்தியான் ஜெரோந்தோ என்பவரை நியமித்தார்கள். ஹெல்மெட், சீட் பெல்ட், வேகக் கட்டுப்பாடு என்று ஒவ்வொன்றாக வந்தது. சாவு எண்ணிக்கையும் குறைந்தது. மறுக்க முடியாது. ஆனால் மொத்தார்களைப் பொறுத்தவரை, தங்களை ஒரு நோய் மாதிரி பார்த்து ஒழிக்க நினைத்தவர் அவர்தான். இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. குமாஸ்தாக்களுக்கு இப்படித் தோன்றுவது தொழில் வியாதி.

1979-இல், காருக்கு இருந்த 'வின்யெத்' என்ற வருடாந்திர வில்லை வரியைப் பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கும் போடப்போவதாக அரசு அறிவித்தது. அந்த வரி 1956-இல் வயதானவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க என்று சொல்லிக் கொண்டுவந்தது. இன்சூரன்ஸ் கட்டணம் ஏற்கெனவே கழுத்தை நெரித்தது. ஓட்டுநர் உரிமத்தையும் 125 சிசி, 400 சிசி, அதற்கு மேல் என்று மூன்றாகப் பிரிக்கும் புதிய முறை 1980 மார்ச்சில் வரவிருந்தது. அந்த இலையுதிர்காலத்தில் பல ஊர்களில் ஆயிரக்கணக்கான வண்டிகள் தெருவுக்கு வந்தன. அதிலிருந்து பிறந்ததுதான் மேலே சொன்ன சம்மேளனம். 1981-இல் மித்தெரான் ஆட்சிக்கு வந்ததும் மோட்டார் சைக்கிள் வில்லை வரி போய்விட்டது. 1983-இல் இன்சூரன்சுக்குத் தாங்களே ஒரு பரஸ்பர நிறுவனம் தொடங்கிவிட்டார்கள்.

இனிதான் என் கதைக்கு வருகிறேன். ஆயிரம் மோட்டார் சைக்கிள்களை நெரிசல் மிகுந்த சாலையில், ஒருவர் கூடச் சாகாமல், எப்படிக் கொண்டுபோவது?

பாரிசைச் சுற்றி 'பெரிஃபெரிக்' என்று ஒரு வட்டச் சாலை உண்டு. 35 கிலோமீட்டர். 1973 ஏப்ரலில் பிரதமர் பியேர் மெஸ்மேர் முழு வட்டத்தையும் திறந்துவைத்தார். அந்தச் சாலைக்கு இரண்டு விசித்திரங்கள். ஒன்று, வண்டி பழுதானால் ஒதுங்கி நிற்க ஓரத் தடம் கிடையாது. இரண்டாவது, உள்ளே நுழையும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிடு என்ற பழைய பிரெஞ்சு விதி அங்கே அப்படியே இருக்கிறது. மற்ற நெடுஞ்சாலைகளில் நுழைகிறவன் காத்திருப்பான், இங்கே ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பவன் பொறுக்க வேண்டும். ஊர்வலம் நடத்துபவருக்கு இதைவிட மோசமான சாலை அமையாது. ஆனால் அதே காரணத்தால்தான் மொத்தார்கள் ஆர்ப்பாட்டத்துக்கு அதைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே நின்றால் பாரிசே நிற்கும்.

பாரிசுக்கு வடக்கே புறநகரில் இருக்கும் என் தங்கை வீட்டில் சில வருடங்களுக்கு முன் மூன்று மாதம் தங்கியிருந்தேன். மச்சான் 'சொல்தா' பென்ஷன்காரர். அவர் மகன் இந்த சம்மேளனத்தின் ஒழுங்குப் படையில் தொண்டர். ஆர்ப்பாட்டத்துக்கு முந்தின இரவு சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்து வட்டச் சாலையைப் படமாகப் போட்டு, நுழைவுப் பாதைகளுக்கு எண் கொடுத்துக்கொண்டிருந்தான். தங்கை ரசம் ஊற்றிக்கொண்டே, "இவன் வீடு திரும்புற வரைக்கும் எனக்கு உயிரே இல்லண்ணா" என்றாள்.

"கூட்டத்துல நடுவுல போறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது மாமா" என்றான் அவன். "ஓரத்துல நிக்கிற எங்களுக்குத்தான்."

அவன் சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். முதல் உபாயம் வேகத்தைக் கொல்வது. மணிக்கு 20 கிலோமீட்டரில் 2 விநாடி என்பது வெறும் 11 மீட்டர். இரண்டு தடங்களை எடுத்துக்கொண்டு, தடத்துக்கு இரண்டு வரிசையாக, ஒருவருக்கு நேர் பக்கத்தில் இன்னொருவர் வராமல் கோணல்மாணலாக ஓட்டினால், 1,000 வண்டிகள் 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் அடங்கிவிடும். பக்கத்து ஆள் சடாரென்று திரும்பினாலும் விலக இடம் இருக்கும். பிரேக் போட்டாலும் நேர் முன்னால் இருப்பவர் இரண்டு விநாடி தூரத்தில்தான். நத்தை ஊர்வலம் என்று பத்திரிகைகள் கேலி செய்வது இதைத்தான்.

இரண்டாவது, பக்கவாட்டுப் பாதைகளை அடைப்பது. 3 கிலோமீட்டர் நீளக் கூட்டம் எந்த நேரத்திலும் சில நுழைவுப் பாதைகளைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். முன்னுரிமை தனக்கே என்று நினைக்கும் லாரிக்காரர் நேராக விலாவில் வந்து இடிப்பார். அதனால் தலை வருவதற்கு முன்பே இரண்டு தொண்டர்கள் அந்தப் பாதையின் வாயில் வண்டியைக் குறுக்கே போட்டு நிற்க வேண்டும், வால் போகும்வரை. என் மருமகன் வேலை அதுதான். ஹாரன் அடிப்பார்கள், திட்டுவார்கள். ஏற்கெனவே ஓட்டத்தில் வரும் வண்டி நிற்க இடம் வேண்டுமே என்று, பாதையின் மேல்முனையிலேயே கண்ணில் படும்படி நிற்பார்களாம். கடைசி வண்டி தாண்டியதும் பாதையைத் திறந்துவிட்டு, மறுபடி கூட்டத்தின் தலைக்குப் போய் அடுத்த பாதையை அடைக்க வேண்டும்.

எப்படிப் போவது? இங்கேதான் மூன்றாவது உபாயம், எனக்கு மிகவும் பிடித்தது. கூட்டத்துக்கு நடுவே ஒரு காலி நடை விடப்படுகிறது. கலந்துகொள்பவர் யாரும் அதில் கால் வைக்கக் கூடாது. தொண்டர்கள் முன்னே ஓட அதுதான் வழி, ஆம்புலன்ஸ் வந்தாலும் அதுதான் வழி. நகரம் முழுவதையும் நிறுத்திவிட்டு நோயாளிக்கு மட்டும் வழி வைக்கும் அந்த ஏற்பாட்டை, மேம்பாலத்தின் மேல் தங்கையோடு நின்று நானே பார்த்தேன். சைரன் சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் அந்த உலோக ஆறு இரண்டாகப் பிளந்து வெள்ளை வண்டி கடந்துபோயிற்று. மகனை அந்தக் கூட்டத்தில் தேடிக்கொண்டிருந்த தங்கை அதைப் பார்த்தாளோ என்னவோ.

நான்காவது காகிதம். என் துறை. பிரான்சில் தெருவில் ஆர்ப்பாட்டம் செய்ய அனுமதி கேட்பதில்லை, அறிவிக்கிறார்கள். 1935 அக்டோபர் ஆணையிலிருந்து வந்த முறை இது. குறைந்தது முழுதாக மூன்று நாள் முன்பு, அமைப்பாளர் பெயர், நோக்கம், நாள், நேரம், வழித்தடம் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். பாரிசில் போலீஸ் தலைமையகத்தில். பொது ஒழுங்கு கெடும் என்று கருதினால் அதிகாரி தடை விதிக்கலாம், தடை செய்யாவிட்டால் நடத்தலாம். நம்மிடம் 1861 போலீஸ் சட்டத்தின் 30-ஆம் பிரிவு உரிமம் கேட்கச் சொல்லும் வழி. நாம் மனு போடுகிறோம், அவர்கள் தகவல் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தக் காகிதத்துக்குப் பல் உண்டு. சாலையை வேண்டுமென்றே மறிப்பது பிரான்சில் 2 வருடச் சிறையும் 4,500 யூரோ அபராதமும் வரை போகக்கூடிய குற்றம். அறிவிக்காமல் நடத்தினால் நுழைவுப் பாதையில் குறுக்கே நிற்கும் என் மருமகன் கதி என்ன என்று யோசியுங்கள். வழித்தடம் முன்கூட்டியே தெரிவதால் போலீஸ் மோட்டார் சைக்கிள்களும் கூட வருகின்றன. பழைய மொத்தாரும் புதிய மொத்தாரும் ஒரே சாலையில்.

நம் ஊர்ப் பைக் பேரணிகளை வாசகர்கள் அறிவார்கள். 2021 தேர்தலில் வாக்குப்பதிவுக்கு முந்தைய 72 மணி நேரம் அவற்றுக்குத் தேர்தல் ஆணையம் தடை போட வேண்டியிருந்தது. ஹெல்மெட் விஷயத்தை நான் எழுதப் போவதில்லை, இரத்த அழுத்தம் ஏறும்.

இந்த ஊர்வலங்களால் என்ன கிடைத்தது? வில்லை வரியைச் சொன்னேன். அடுத்தது சாலையோரத் தடுப்புத் தகடுகள். கார் மோதினால் காப்பாற்றும் அந்தத் தகட்டுக்குக் கீழே இடைவெளி இருக்கும். சறுக்கி விழுந்த மோட்டார் சைக்கிள்காரர் அதற்குள் போய்த் தூணில் மோதுவார். கை, கால், சில சமயம் தலை. மொத்தார்கள் அவற்றுக்குக் கில்லட்டின் என்று பெயர் வைத்தார்கள். பல வருடப் போராட்டத்துக்குப் பின் 1999-இல் ஆபத்தான வளைவுகளில் கீழ்ப்பகுதியையும் மூட அரசு சுற்றறிக்கை வந்தது. இருப்பதிலேயே பெரிய வெற்றி இதுதான் என்பது என் கட்சி. அடுத்தது, நெரிசலில் கார் வரிசைகளுக்கு இடையே மோட்டார் சைக்கிள் போகும் உரிமை. 2016-இல் சில மாவட்டங்களில் சோதனை, 2021 ஜனவரி முடிவில் நிறுத்தம், உடனே பெரும் ஊர்வலங்கள், ஆகஸ்டில் மறுபடி சோதனை, 2025 ஜனவரியில் நாடு முழுவதும் சட்டம். மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

சண்டைக்காகப் போகும்போது கற்றது, சந்தோஷத்துக்காகப் போகும்போதும் உதவுகிறது. 1922-இல் தொடங்கிய போல் தோர் என்ற 24 மணி நேரப் பந்தயத்துக்கு நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் மொத்தார்கள் தெற்கே மத்தியதரைக் கடல் பக்கம் போகிறார்கள். அப்போது யாரும் சாலையை மறிக்க முடியாது, 20 கிலோமீட்டரில் ஊரவும் முடியாது. அங்கே உபாயம் தலைகீழ். கூட்டத்தை உடைத்துவிட வேண்டும். எட்டுப் பேர், பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்களாகக் கால் மணி இடைவெளியில் கிளம்புகிறார்கள். ஓட்டப் பழக்கம் குறைந்தவர் தலைவருக்கு அடுத்த இடத்தில். அனுபவசாலி கடைசியில், துடைப்பம் என்று அவருக்குப் பெயர். வாலில் இருப்பவர் தவறவிட்ட தூரத்தைப் பிடிக்கத் தலையைவிட வேகமாக ஓட்ட வேண்டியிருக்கும், பலவீனமானவரைப் பின்னால் போட்டால் அவர்தான் முதலில் விழுவார். பெட்ரோல் நிறுத்தம் எங்கே என்பதை இருப்பதிலேயே சின்ன டேங்க் உள்ள வண்டிதான் தீர்மானிக்கும். டோல்கேட்டில் சிதறுபவர்கள் வாசலிலேயே நின்று காத்திருக்கக் கூடாது, அடுத்த ஓய்விடத்தில்தான் கூட வேண்டும். வழி தவறினால் யாரும் துரத்தக் கூடாது.

பந்தயம் முடிந்து திரும்பும் வழிதான் அதிகம் பேரைக் கொல்லும். தூக்கமில்லாத இரவுக்குப் பின் அறுநூறு, எழுநூறு கிலோமீட்டர். அதனால் கோபக்காரர்களின் சம்மேளனமே வழியோரங்களில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அங்கே காப்பி உண்டு, ரொட்டி உண்டு, படுக்கவும் இடம் உண்டு. அந்த நிறுத்தங்களின் பெயரில் 'கால்மோஸ்' என்று ஒரு சொல் வரும். கொச்சைப் பிரெஞ்சில் 'நிதானமப்பா' என்று பொருள். போன செப்டம்பரில் என் மருமகன் ஓட்டப் போகவில்லை. முழங்கால் வலி. அப்படி ஒரு கூடாரத்தில் இரண்டு இரவு காப்பி ஊற்றினானாம். தங்கை போனில் சொன்னாள், அந்த இரண்டு இரவும் நன்றாகத் தூங்கினாளாம்.