பிப்: கைக்குழந்தையின் கழுத்துத் துணி

பிப் என்பது கைக்குழந்தையின் கழுத்தில் மாட்டி மார்பை மூடும் சிறு துணி. வழியும் ஜொள்ளும் கக்கிய பாலும் ஊட்டும்போது சிந்தும் கஞ்சியும் சட்டையை நனைக்காமல் இது வாங்கிக்கொள்கிறது. தமிழில் இதற்கு ஊன்றிய பெயர் எதுவும் இல்லை. கடையிலும் ‘பிப்’, வீட்டிலும் ‘பிப்’. அம்மாவின் முந்தானையோ பழைய வேட்டியில் கிழித்த துண்டோ இந்த வேலையைப் பார்த்துக்கொண்ட வீடுகளில் தனிப்பெயருக்குத் தேவையும் இருந்திருக்காது.

தையல் பழகுபவர்களுக்கு இது ஏற்ற முதல் வேலை. இரண்டு துண்டுத் துணி, கொஞ்சம் நூல், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் போதும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு கத்தரியை எடுக்க வேண்டும். பிப்பில் தையல் வேலை என்று சொல்லத்தக்கது கழுத்து வளைவு மட்டுமே. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் கைக்குட்டை. வீட்டில் தைத்த பிப் பெட்டியிலேயே கிடக்கிறது என்றால் கழுத்து இறுக்கமாகவோ தொளதொளவென்றோ அமைந்திருக்கும்.

தேவைப்படும் காலம்

மூன்றாம் மாதத்தை ஒட்டிக் குழந்தைகளுக்கு ஜொள்ளு வடியத் தொடங்குகிறது. உமிழ்நீர் கூடுதலாகச் சுரக்கும். அதை உடனுக்குடன் விழுங்க இன்னும் பழகியிருக்காது. இலங்கைத் தமிழில் இதை வீணி வடிதல் என்பார்கள். ஈரம் தாடைக்கு அடியிலும் கழுத்து மடிப்பிலும் தங்கினால் தோல் சிவந்து தடித்துவிடும். இந்த வயதுக்குச் சிறிய, மெல்லிய பிப் போதும். நனைந்ததும் மாற்ற ஒரு நாளைக்கு ஐந்தாறு வேண்டியிருக்கும்.

ஆறு மாதம் நிறைந்து, தாய்ப்பாலோடு கூழும் குழைந்த சோறும் சேரும்போது பெரிய பிப் தேவைப்படும். கீழே தரும் அளவு அதற்கானது.

துணி

முன்பக்கத்துக்கு மல், பாப்ளின், காடா என எந்தப் பருத்தித் துணியும் ஆகும். ஈரத்தை உறிஞ்சுவதில் பல முறை துவைத்த வேட்டிக்கு ஈடாகப் புதுத்துணி எதையும் சொல்ல முடியாது. பின்பக்கத்துக்கு டர்க்கி டவல் துணி நல்லது. அதன் கண்ணிகளில் ஈரம் தங்கி, சட்டை வரை போகாது. 30க்கு 60 அங்குலப் பழைய டவல் ஒன்றில் துண்டுகளைக் குறுக்கே வைத்து வெட்டினால் பத்துப் பிப்புக்குத் தாராளமாக வரும். பாலியெஸ்டர் கலந்த துணி பார்வைக்கு நன்றாக இருக்கும், ஜொள்ளு அதன்மேல் உருண்டு ஓடிவிடும்.

வினைல், பிளாஸ்டிக் பூசிய துணி துடைக்க வசதி. அதிலும் எச்சரிக்கை வேண்டும். 2007-இல் சில வினைல் பிப்களில் ஈயம் இருப்பது தெரிந்து, மேற்பரப்பு வெடித்ததையும் உரிந்ததையும் எறிந்துவிடும்படி அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பெற்றோர்களுக்கு அறிவுறுத்தியது.

புதுத்துணியானால் வெட்டுவதற்கு முன்பே துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட வேண்டும். கஞ்சி போய்விடும், சுருங்குவது சுருங்கிவிடும். முன்துணியும் டவலும் ஒரே அளவில் சுருங்காது. துவைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே ஒன்று இழுத்து மற்றொன்று பொம்மிக்கொள்ளும்.

கழுத்தை வரைதல்

நேராகத் துணியில் வரையாமல் செய்தித்தாளில் வெட்டிப் பார்ப்பது உத்தமம். 10 அங்குல அகலமும் 13 அங்குல நீளமும் கொண்ட தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்தால் 5 அங்குல அகலம் கிடைக்கும். மேல் விளிம்பிலிருந்து 1¾ அங்குலம் இறங்கி, மடிப்பின்மேல் ஒரு காபி டம்ளரைப் பாதி உள்ளே, பாதி வெளியே கவிழ்த்துவைத்து, உள்ளே விழும் அரைவட்டத்தைப் பென்சிலால் சுற்றி வரைய வேண்டும். டம்ளரின் வாய் 3¼ அங்குலம் இருந்தால் சரி, இல்லையென்றால் காம்பஸ்தான். அரைவட்டத்தைச் சுற்றி 1¾ அங்குலம் விட்டு வெளிவளைவு. அது தோள் போல இறங்கிக் கீழே முழு அகலத்துக்கு விரியும். அடி முனைகளை ஒரு சிறு தட்டை வைத்து உருட்டிவிடலாம். மடிப்பின் மேல் பகுதியில், வட்டத்திலிருந்து மேல் விளிம்பு வரை வெட்டிவிட்டால் பிடரியில் திறக்கும் வாயும் அதன் இரு புறமும் இரண்டு பட்டிகளும் வந்துவிடும்.

இந்த 3¼ அங்குலம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளித் தைக்கும்போது துணி சிறிதாகும், துளையோ பெரிதாகும். இரண்டு புறமும் கால் கால் அங்குலம் போக, 3¼ அங்குலத் துளை தைத்த பின் 3¾ ஆகிவிடுகிறது. சுற்றளவு ஏறத்தாழ 11¾. பிடரியில் இரண்டு பட்டிகளும் தையலுக்காகக் கால் அங்குலம் வீதம் குறைந்து அரை அங்குல இடைவெளி விழும். அதையும் மூடி ஓர் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது 1½ அங்குலம் கழியும். மிச்சம் 10¼ அங்குலம். கழுத்துச் சுற்று 9 அங்குலம் உள்ள குழந்தைக்கு இரண்டு விரல் நுழையும் இடம் விட்டு இது பொருந்தும். குழந்தைக்குக் குழந்தை கழுத்து மாறும் என்பதால் இஞ்ச் டேப்பை வைத்து அளந்துவிடுவதே நல்லது. தூங்கும்போது அளப்பது சுலபம். விழித்திருந்தால் டேப் வாய்க்குப் போய்விடும்.

தைத்தல்

இரண்டு துணிகளின் நல்ல பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, குண்டூசி குத்தி, ஓரத்தில் கால் அங்குலம் விட்டுச் சுற்றிலும் தைக்க வேண்டும். மெல்லிய துணி மேலேயும் டவல் அடியிலும் இருக்கட்டும். டவல் மேலே இருந்தால் அதன் கண்ணிகள் மெஷினின் அழுத்துபாதத்தில் மாட்டும். 14 நம்பர் ஊசி போதும். டவல் தடிப்பாக இருந்தால் 16. தையலைச் சற்று நீளமாக, 3 மில்லிமீட்டர் அளவில் வைத்தால் டவல் சுருக்கு விழாது. கையால் தைப்பவர்கள் ஓட்டுத் தையலை விட்டு, ஒவ்வொரு தையலுக்கும் பின்னால் வந்து குத்தும் கெட்டித் தையல் போட வேண்டும்.

அடிவிளிம்பில், நேராக ஓடும் இடத்தில், 3 அங்குலம் தைக்காமல் விட வேண்டும். துணியைத் திருப்ப அதுதான் வழி. வளைவில் வழி விட்டால் பிறகு மூடும்போது அந்த இடம் கோணிக்கொள்ளும்.

திருப்புவதற்கு முன் கத்தரிக்கு இன்னொரு வேலை இருக்கிறது. கழுத்து வளைவில் அரை அங்குலத்துக்கு ஒன்றாக, தையலைத் தொடாமல் சிறு கீறல்கள் போட வேண்டும். உருட்டிய முனைகளில் கீறினால் போதாது; முக்கோணமாகத் துணியை எடுத்துவிட வேண்டும். திருப்பியதும் கழுத்து ஓரத்துத் துணி விரிந்தாக வேண்டும், முனையோரத்துத் துணி நெருங்கியாக வேண்டும் என்பதால் இந்த வித்தியாசம். கீறாமல் திருப்பிய கழுத்து, எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் பிசிறாகச் சுருங்கி நிற்கும். மழுங்கிய பென்சிலால் பட்டிகளின் நுனியை வெளியே தள்ளி, இஸ்திரி போட்டு, விட்ட வாயை உள்மடித்து, ஓரத்தை ஒட்டிச் சுற்றிலும் இன்னொரு தையல் ஓட்டினால் வாயும் அடைபடும், பிப்பும் தட்டையாக நிற்கும்.

இப்படித் திருப்பத் தயங்குபவர்கள் இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து, இழைக்குச் சாய்வாக வெட்டிய கிராஸ் பட்டியை ஓரமெங்கும் சுற்றித் தைக்கலாம். இதில் ஓரம் உள்ளே போவதில்லை, துளையும் பெரிதாகாது. எனவே மேலே சொன்ன கணக்கு இதற்கு ஒத்துவராது. தாளிலேயே கழுத்தைப் பெரிதாக வரைய வேண்டும்.

பிடரியில் மூடுவது

நாடா கட்டுவது பழைய முறை. இழுத்தால் நாடா இறுகுமே தவிர அவிழாது, கழுத்தருகே அதை வைக்காமல் இருப்பதே நல்லது. வெல்க்ரோவும் பிரஸ் பட்டனும் பிப் எங்காவது மாட்டி இழுபட்டால் விட்டுக்கொடுத்துவிடும். எதை வைத்தாலும் தூங்கவைக்கும்முன் பிப்பைக் கழற்றிவிட வேண்டும். தொட்டிலிலும் தூளியிலும் அது முகத்தின்மேல் ஏறவோ கழுத்தை இறுக்கவோ கூடும்.

வெல்க்ரோவில் ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் மென்மை. மேலே ஏறும் பட்டியின் உட்புறத்தில் மென்மையானதையும், கீழே படியும் பட்டியின் வெளிப்புறத்தில் சொரசொரப்பானதையும் தைக்க வேண்டும். அப்படியானால் அவசரத்தில் கோணலாக ஒட்டினாலும் பிடரியில் உரசுவது மென்மையான பக்கமாக இருக்கும். பிரஸ் பட்டனை இரண்டு இடத்தில் வைத்தால் குழந்தை வளர வளரத் தளர்த்திக்கொள்ளலாம். தளர்ந்துபோன பட்டன் வாய்க்குள் போகும் ஆபத்து உண்டு, அவ்வப்போது இழுத்துப் பார்க்க வேண்டும்.

சலவையும் கறையும்

துவைக்கும்முன் வெல்க்ரோவை மூடிவிட வேண்டும். திறந்திருந்தால் மற்றத் துணிகளின் இழையை எல்லாம் அது பிடித்துக்கொள்ளும், பிறகு ஒட்டாது. பால் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர். வெந்நீர் ஊற்றினால் பாலின் புரதம் இறுகித் துணியோடு ஒட்டிவிடும். வாழைப்பழக் கறையை அன்றே அலச வேண்டும், காய்ந்தால் பழுப்பாகி நிலைத்துவிடும். பருப்புச் சாதத்தின் மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் திடீரென்று சிவந்துபோகும். பயப்பட வேண்டியதில்லை, சோப்பின் காரத்தில் மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும். நன்றாக அலசி, ஈரத்தோடு வெயிலில் போட்டால் இரண்டு மூன்று பகலில் வெளுத்துவிடும்.