கோழி இனங்களும் இறகு நிறமும்: ஒரு வரலாறு

வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை தெற்கு, தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழும் செங்காட்டுக்கோழி. அதன் சேவலுக்குக் கழுத்தில் பொன்சிவப்பு, மார்பில் கறுப்பு, வாலில் பச்சை மினுக்கம். பெட்டை சருகு நிறம் கொண்டது; தரையில் அடைகாக்கும்போது எதிரியின் கண்ணில் படாதிருக்க அந்த நிறமே காப்பு. வெள்ளையாகவோ திட்டுத்திட்டாகவோ பிறந்த குஞ்சு காட்டில் நெடுநாள் தப்பிப்பது அரிது. மனிதரிடம் வந்த பிறகு இந்த நெருக்கடி தளர்ந்தது. காட்டில் அழிந்துபோயிருக்கக்கூடிய நிறங்கள் முற்றத்தில் பிழைத்தன. பிடித்த நிறத்தை மனிதர் தேர்ந்து பெருக்கவும் தொடங்கினர்.

வீட்டுக்கோழிக்கு வந்த நிறங்கள் எல்லாமே இந்த ஒரு மூதாதையிடமிருந்து வந்தவை அல்ல. செங்காட்டுக்கோழியின் கால் சாம்பல் நிறம். வீட்டுக்கோழிகள் பலவற்றின் காலும் தோலும் மஞ்சள். இந்த மஞ்சளுக்குக் காரணமான மரபணு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலப்பின் வழியாக வந்தது என 2008இல் வெளியான ஆய்வு காட்டியது.

நிறம் பார்த்துக் கோழி தேர்வதற்கு எழுத்துச் சான்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே உண்டு. ரோமானிய வேளாண் எழுத்தாளர் கொலுமெல்லா, செந்நிறமோ கருநிறமோ கொண்ட பெட்டைகளை வளர்க்கச் சொன்னார். வெள்ளைக் கோழி நோஞ்சான், முட்டையும் குறைவு, பருந்தின் கண்ணில் எளிதில் படும் என்பது அவர் கருத்து. அங்கே நிறம் பயன்பாட்டோடு ஒட்டியிருந்தது. நிறத்தை நிறத்துக்காகவே வளர்த்து, அதை இனத்தின் அடையாளமாக்கும் வழக்கம் பெரிதும் 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வளர்ந்தது.

அதற்கு முன்னோடி சர் ஜான் செப்ரைட். கால்நடை இன மேம்பாடு பற்றி 1809இல் நூல் எழுதியவர் அவர். அவர் உருவாக்கிய செப்ரைட் பான்டம் மிகச் சிறிய கோழி. அதன் ஒவ்வொரு இறகும் பொன்னிறமாகவோ வெள்ளி நிறமாகவோ இருக்கும். விளிம்பைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கரை ஓடும். இதில் சேவலுக்கும் பெட்டையைப் போன்ற உருண்ட இறகே முளைக்கும்; மற்றச் சேவல்களுக்குக் கழுத்தில் தொங்கும் கூரிய இறகும் வாலில் வளையும் நீள இறகும் இதற்குக் கிடையா. சேவலின் தோலில் ஆண் ஹார்மோன் பெண் ஹார்மோனாக மாறுவதே இதற்குக் காரணம் என்று பின்னாளில் தெரியவந்தது.

சேவல் சண்டையைப் பிரிட்டன் 1835இல் சட்டத்தால் தடுத்தது. போட்டிக்குக் கோழி வளர்த்தவர்களில் பலர் கண்காட்சிப் பக்கம் திரும்பினர். லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் 1845இல் கோழிக் கண்காட்சி நடந்தது. அதே காலத்தில் சீனாவிலிருந்து கொச்சின் கோழிகள் வந்திறங்கின. பெருத்த உடல், கால் விரல் வரை மூடிய இறகு, சாதுவான குணம் என எல்லாமே ஐரோப்பியருக்குப் புதிது. விக்டோரியா அரசியும் அவற்றை வளர்த்ததால் மோகம் கூடியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1849 நவம்பரில் நடந்த கண்காட்சிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட கோழிகள் வந்தன. ஜார்ஜ் பர்னம் என்ற வியாபாரி 1852இல், பிற்காலத்தில் பிரம்மா எனப் பெயர் பெற்ற இனத்தின் கோழிகளை விக்டோரியாவுக்கே அனுப்பி அதை விளம்பரமாக்கிக்கொண்டார். சில ஆண்டுகளில் விலை சரிந்தது. அந்தப் பித்தின் கதையைக் கிண்டலாக எழுதி 1855இல் நூலாக வெளியிட்டவரும் பர்னமே.

மோகம் தணிந்தாலும் கண்காட்சிகள் நிலைத்தன. நடுவர்கள் ஆளுக்கொரு விதமாகத் தீர்ப்புச் சொன்னால் சண்டைதான் மிஞ்சும் என்பதால் எழுத்தில் இலக்கணம் தேவைப்பட்டது. பிரிட்டனில் 1865இலும் அமெரிக்காவில் 1874இலும் தர நூல்கள் வெளியாயின. கொண்டையின் வடிவம், காலின் நிறம், இறகின் கோடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் அவை விதி வகுத்தன. உடலமைப்பு இனத்தைக் குறித்தது. ஒரே இனத்துக்குள் நிறம் உட்பிரிவைக் குறித்தது.

புதிய இனங்களும் இந்த இலக்கணத்துக்குள் பிறந்தன. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வில்லியம் குக், மினோர்கா, லாங்ஷான், பிளிமத் ராக் ஆகியவற்றைக் கலந்து 1886இல் கறுப்பு ஆர்பிங்டனை உருவாக்கினார். பின்னர் வந்த மஞ்சள் பழுப்பு ஆர்பிங்டனை அவர் வேறு இனங்களின் கலப்பிலிருந்து எடுத்தார். பெயர் ஒன்று, வம்சம் வேறு. ரோட் ஐலண்ட் ரெட் கதை நேர் எதிரானது. அமெரிக்காவின் லிட்டில் காம்ப்டன் பகுதி விவசாயிகள் ஆசியாவிலிருந்து வந்த சிவப்புச் சேவல்களை ஊர்க் கோழிகளோடு சேர்த்து, முட்டைக்கும் கறிக்குமாக வளர்த்துவந்தனர். அது முதலில் பண்ணைக் கோழி; 1904இல்தான் அமெரிக்கத் தர நூலில் இடம்பெற்றது.

விதியை எழுதுவது எளிது. கோழியை அதற்குள் அடக்குவது கடினம். வரிக்கோடு போட்ட பிளிமத் ராக் இதற்கு நல்ல சான்று. அதன் இறகில் கறுப்பும் வெளிர்நிறமும் மாறி மாறி வரும். சேவலும் பெட்டையும் ஒரே சாயலில் இருக்க வேண்டும் என்றனர் நடுவர்கள். ஆனால் ஒரே பெற்றோருக்குப் பிறந்த சேவல்கள் வெளிர்ந்தும் பெட்டைகள் கறுத்தும் வந்தன. எனவே வளர்ப்பவர்கள் பரிசுச் சேவல்களுக்கு ஒரு வம்சம், பரிசுப் பெட்டைகளுக்கு இன்னொரு வம்சம் என இரண்டைத் தனித்தனியே பராமரித்தனர். காரணம் தெரியாமலேயே கைவந்த உத்தி அது.

காரணத்தைத் தேடியவர்களில் சார்லஸ் டார்வின் முக்கியமானவர். கோழி நிபுணர் டெகெட்மையரின் உதவியோடு தகவல் திரட்டிய அவர், தாமும் கலப்புச் சோதனைகள் செய்தார். கறுப்பு ஸ்பானியச் சேவலையும் வெள்ளைப் பட்டுக்கோழிப் பெட்டையையும் சேர்த்தபோது பிறந்த ஒரு சேவல், காட்டுக்கோழியின் சிவப்பு நிறத்தோடு வளர்ந்து நின்றது. பெற்றோர் இருவரிடமும் காணாத நிறம் அது. வீட்டுக்கோழி காட்டுக்கோழியின் வழிவந்தது என்பதற்கு இதையும் ஒரு சான்றாக 1868இல் வெளியிட்ட நூலில் அவர் எடுத்துக்காட்டினார். நிறம் எந்த விதிப்படி மறைந்து மீள்கிறது என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

மெண்டலின் பட்டாணி ஆய்வு 1900இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. அதில் கண்ட மரபு விதி விலங்குக்கும் பொருந்தும் என்று கோழிகளைக் கொண்டு 1902இல் காட்டியவர் வில்லியம் பேட்சன். நீல ஆண்டலூசியன் கோழி வளர்ப்பவர்களின் பழைய புகாருக்கும் விடை கிடைத்தது. நீலத்தோடு நீலத்தைச் சேர்த்தாலும் பாதிக் குஞ்சுகளே நீலம். கால்வாசி கறுப்பு, கால்வாசி அழுக்கு வெள்ளை. வம்சம் தூய்மையில்லை என்று எண்ணி அந்த இரண்டையும் கழித்துவந்தனர். உண்மையில் நீலம் என்பதே கறுப்பும் அந்த வெள்ளையும் சேர்ந்த கலப்பு நிலை. கழித்துவந்த இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்தால் அத்தனை குஞ்சும் நீலமாகப் பொரியும்.

பிளிமத் ராக்கின் புதிரும் 1908 அளவில் அவிழ்ந்தது. வரிக்கோட்டுக்கான மரபணு பாலின குரோமோசோமில் இருக்கிறது. சேவலுக்கு அது இரட்டையாகவும் பெட்டைக்கு ஒற்றையாகவும் கிடைப்பதால்தான் சேவல் வெளிர்ந்தது. கறுப்புச் சேவலை வரிக்கோட்டுப் பெட்டையோடு சேர்த்தால் ஆண் குஞ்சின் தலையில் வெளிர் பொட்டு இருக்கும். பெண் குஞ்சின் தலை முழுக் கறுப்பு. பொரித்த அன்றே இரண்டையும் பிரித்துவிடலாம். கேம்பிரிட்ஜில் ரெஜினால்ட் பன்னெட்டும் மைக்கேல் பீஸும் ஒரு படி மேலே போய், தனக்குள்ளேயே இனம் பெருகினாலும் குஞ்சின் பால் நிறத்தில் தெரியும் கேம்பார் இனத்தை 1929இல் வெளியிட்டனர்.

முட்டைப் பண்ணைக்கு ஆண் குஞ்சு நட்டக் கணக்கு. அதனால் கண்காட்சியில் பரிசு வாங்கித் தந்த நிறம் பொரிப்பகத்தில் கருவியானது. பழுப்பு முட்டையிடும் இன்றைய கலப்பினங்கள் பலவற்றில் பொன்னிறச் சேவலும் வெள்ளிநிறப் பெட்டையும் இணைகின்றன. செம்பழுப்புக் குஞ்சு பெண், வெளிர் மஞ்சள் குஞ்சு ஆண்.

கறிக்கோழியில் கணக்கு வேறு. சிறந்த கறிக்கோழிக்காக அமெரிக்காவில் நடந்த ‘நாளைய கோழி’ போட்டியில் 1948இல் வென்றது, கார்னிஷும் நியூ ஹாம்ப்ஷயரும் கலந்த செந்நிறக் கோழி. கார்னிஷின் வம்சத்தில் இந்தியாவின் அசில் இரத்தம் உண்டு. ஆனால் நிற இறகு பிடுங்கிய தோலில் கருந்தடம் விடும். கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் அது பிடிப்பதில்லை. வெள்ளை இறகு தடம் காட்டாது. ஆகவே கறிக்கோழித் தொழில் வெள்ளைக்கு மாறியது. கொலுமெல்லா ஒதுக்கச் சொன்ன நிறமே உலகின் கறிக்கோழிப் பண்ணைகளில் பெருகியது. மற்ற நிறங்களைக் காக்கும் வேலை கண்காட்சிக்காரர்களிடமும் அருகிவரும் இனங்களைப் பேணுபவர்களிடமும் சேர்ந்தது.