அன்றாடப் பொருள்களும் தேர்தல் சின்ன ஓவியங்களும்: கோவில்பட்டி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இந்தியத் தேர்தல்களில் வேட்பாளரை அடையாளம் காட்டும் சின்னங்களுள் பல, வீட்டிலும் வயலிலும் புழங்கும் பொருள்களின் கோட்டுருவங்களாகும். எவர் பக்கமும் சாயாத, எவருக்கும் தெரிந்த பொருளாக இருத்தல் வேண்டும் என்பது அவற்றிடம் எதிர்பார்க்கப்பட்ட தகுதி. எவருக்கும் தெரிந்த பொருள் எந்த இடத்திலும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பதை இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: தேர்தல் சின்னம், கோட்டோவியம், புழங்கு பொருள், தீப்பெட்டி ஒட்டுப்படம், கரிசல் வட்டாரம்.

முன்னுரை

ஓவியத்தில் புழங்கு பொருள் குறியீடாகும் முறையை ஆராய்வோர் பெரும்பாலும் பெயர்பெற்ற ஓவியர்களின் படைப்புகளையே சான்றாகக் கொள்கின்றனர். கோடிக்கணக்கான மக்கள் கூர்ந்து நோக்கித் தீர்ப்பளிக்கும் ஓவியங்களாகிய தேர்தல் சின்னங்கள் கலை வரலாற்றின் கவனத்தை மிகக் குறைவாகவே பெற்றுள்ளன. இவற்றை வரைந்தோர் தம் படைப்பில் கையொப்பமிடவில்லை. இவற்றின் பயனை அடைந்தோரும் வரைந்தவர் யாரென்று கேட்கவில்லை. ஆயினும் எழுத்தறியாத ஒருவர் தம் விருப்பத்தைப் பிறர் துணையின்றித் தெரிவிக்க இயலுமா என்ற கேள்விக்கு விடையாக அமைந்தவை இக்கோடுகளே.

கோவில்பட்டி வட்டாரம் இவ்வாய்வுக்குப் பொருத்தமான களமாகும். 1986ஆம் ஆண்டு வரை ஒன்றுபட்ட திருநெல்வேலி மாவட்டத்திலிருந்த இவ்வட்டாரம், மானாவாரிக் கரிசல் வேளாண்மையும் தீப்பெட்டித் தொழிலும் இணைந்த நிலப்பகுதி. தேர்தல் சின்னங்களுக்கு முன்பே படத்தைக் கொண்டு பொருளைத் தெரிந்தெடுக்கும் பழக்கத்தை இங்குள்ள மக்களுக்கு அளித்தது தீப்பெட்டி.

தீப்பெட்டி ஒட்டுப்படமும் படவாசிப்பும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியச் சந்தையில் ஸ்வீடன், ஜப்பான் நாடுகளின் தீப்பெட்டிகளே மிகுதியாக விற்பனையாயின. 1922இல் இறக்குமதித் தீர்வை உயர்த்தப்பட்டது உள்நாட்டு உற்பத்திக்கு ஊக்கமளித்தது. அதே ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில்நுணுக்கம் கற்றுத் திரும்பினர். சிவகாசியில் வேரூன்றிய தொழில் சாத்தூர், கோவில்பட்டி எனப் பரவியது. தீப்பெட்டியோடு அதன் மேல் ஒட்டும் படத்தை அச்சிடும் தொழிலும் வளர்ந்தது.

ஒரே அளவும் ஒரே விலையும் உடைய பெட்டிகளை வேறுபடுத்தியது மேலிருந்த படமே. வாங்குவோர் உற்பத்தியாளரின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. படத்தின் பெயரோடு 'மார்க்' என்ற சொல்லைச் சேர்த்துக் கேட்பர். கப்பல் முதலியன இவ்வாறு வணிக அடையாளங்களாயின. இங்கே படத்திற்கும் பெட்டிக்குள் இருக்கும் குச்சிக்கும் எத்தொடர்பும் இல்லை என்பது கருதத்தக்கது. கப்பல் படம் கப்பலைக் குறிக்கவில்லை. முன்பு வாங்கியபோது நன்றாகப் பற்றிய குச்சியைக் குறித்தது. படம் தன் பொருளைக் கைவிட்டு வேறொன்றைச் சுட்டும் இவ்வாசிப்பே பின்னர் வாக்குச்சாவடியிலும் தேவைப்பட்டது.

1951–52: பெட்டியின் மேல் ஒட்டிய சின்னம்

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 17.3 கோடி வாக்காளர்கள் பதிவு செய்யப்பட்டிருந்தனர். 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு பெற்றோர் சுமார் 18 விழுக்காட்டினரே. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் தலைமையிலான ஆணையம் இதற்குக் கண்ட வழி, ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி வாக்குப்பெட்டி வைத்து அதன்மேல் அவருடைய சின்னத்தை ஒட்டுவதாகும். வாக்காளர் எதையும் எழுதவோ முத்திரையிடவோ வேண்டியதில்லை. தாம் விரும்பிய சின்னமுள்ள பெட்டியில் வாக்குச்சீட்டை இட்டால் போதும். குறியிடும் முறை 1960களில்தான் பரவலாயிற்று.

காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளைகள், சோசலிஸ்ட் கட்சிக்கு மரம், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை, பாரதிய ஜனசங்கத்திற்கு விளக்கு, பட்டியல் சாதியினர் கூட்டமைப்பிற்கு யானை, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கதிர் அரிவாள் எனச் சின்னங்கள் ஒதுக்கப்பட்டன. சமயச் சார்போ உணர்ச்சிச் சார்போ உடைய பசு, கோயில், தேசியக்கொடி, இராட்டை போன்றவை தவிர்க்கப்பட்டன. எனவே ஆணையம் தேடியது இருவேறு தகுதிகளை ஒருங்கே உடைய பொருளை: அதை அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும், ஆனால் அதன்பால் எவர்க்கும் தனிப்பற்று இருத்தல் ஆகாது.

இவ்விரு தகுதிகளும் ஒன்றோடொன்று முரண்படுவன. உழவனுக்குக் காளை வெறும் உருவமன்று. குடிசையில் வாழ்பவருக்குக் குடிசை வெறும் கோடன்று. தவிர்க்கப்பட்ட பொருள்களும் நெடுங்காலம் வெளியே நிற்கவில்லை. காங்கிரஸ் பிளவுண்டபின் நிகழ்ந்த 1971ஆம் ஆண்டுத் தேர்தலில் இந்திரா காந்தி அணிக்குப் பசுவும் கன்றும் சின்னமாயின. காமராசர் சார்ந்திருந்த நிறுவன காங்கிரசுக்கு இராட்டை நூற்கும் பெண் சின்னமாயிற்று. 1951இல் விலக்கப்பட்ட பசுவும் இராட்டையும் இருபதாண்டுகளில் எதிரெதிர்ச் சின்னங்களாகத் தமிழகச் சுவர்களில் நின்றன.

சேத்தியின் கோடுகள்

1968ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஒதுக்கீட்டு ஆணை, அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குரிய சின்னங்களையும் ஏனையோர் தெரிந்தெடுத்துக்கொள்ளும் சுயேச்சைச் சின்னங்களையும் வகைப்படுத்தியது. இரண்டாம் வகைக்குப் புதிய உருவங்கள் தொடர்ந்து தேவைப்பட்டன. அவற்றுள் பலவற்றை வரைந்தவர் ஆணையத்தின் வரைவாளராகப் பணியாற்றி 1992இல் ஓய்வுபெற்ற எம். எஸ். சேத்தி. சின்னங்களை வரைவதற்கென்றே ஆணையம் பணியமர்த்திய கடைசி வரைவாளர் அவரே. அவரும் அலுவலர்களும் கூடியிருந்து, சாதாரண மனிதர் கண்டவுடன் அறியும் பொருள் எதுவென ஆராய்வர். முடிவானதை அவர் பென்சிலால் வரைவார்.

சுயேச்சைச் சின்னப் பட்டியலில் தையல் இயந்திரம், மின்விசிறி, வாளி, சீப்பு, கெண்டி, ஏணி, கத்தரிக்கோல், பல்துலக்கி, தட்டச்சு இயந்திரம், அரிக்கேன் விளக்கு, பாய்மரப் படகு முதலியன இடம்பெற்றன. இவ்வகை ஓவியங்களின் பொது இயல்புகள் மூன்று. முதலாவது, பொருள் எவ்விடத்திலும் வைக்கப்படவில்லை. மேசையோ தரையோ நிழலோ இல்லை. இரண்டாவது, பொருளை அதன் அடையாளம் மிகத் தெளிவாகும் பக்கத்திலிருந்து வரைதல். மூன்றாவது, சிறிய அளவில் மட்டமான தாளில் ஒற்றை வண்ணத்தில் அச்சிட்டாலும் சிதையாத தடித்த கோடு. பொருளை அதன் சூழலிலிருந்து பிரித்தெடுத்தலே ஓவியரின் பணியாயிற்று. அப்பொருளை மீண்டும் ஒரு சூழலில் வைத்துக் காண்பது வாக்காளரின் பணியாயிற்று.

அரசு 'அனைவருக்கும் தெரிந்தது' எனக் கருதிய பொருள்களின் பட்டியல் என்ற வகையில் இத்தொகுப்பு புழங்கு பொருள் வரலாற்றுக்கும் ஆவணமாகும். தட்டச்சு இயந்திரமும் அரிக்கேன் விளக்கும் வீடுகளிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் நீங்கிய பின்னரும் பட்டியலில் நீடித்தன. அண்மைக் காலத்தில் மடிக்கணினி, கண்காணிப்புக் கேமரா, பென் டிரைவ் முதலியன சேர்க்கப்பட்டன. முன்னவை இளைய தலைமுறையினருக்குப் புரியாதவை. பின்னவை முதியோர் பலருக்குப் புரியாதவை. எளிதில் அறியத்தக்க சின்னத்தைப் பெறுவதும் பெறாமையும் வேட்பாளரின் வாய்ப்பைப் பாதிப்பதால், இது அழகியல் சிக்கலாக மட்டும் நின்றுவிடவில்லை.

கதிர் எந்தப் பயிரின் கதிர்?

சின்னத்தை இடம் எவ்வாறு நிறைவு செய்கின்றது என்பதற்குக் கதிர் அரிவாள் தக்க சான்று. முதல் பொதுத்தேர்தல் முதல் இன்றுவரை மாறாத சின்னம் இது. தமிழில் வழங்கும் 'கதிர்' என்ற சொல் எப்பயிரையும் பெயரிட்டுச் சொல்வதில்லை. காவிரிப் படுகையின் உழவுத் தொழிலாளி அதனை நெற்கதிராகக் காண்பர். கம்பும் சோளமும் விளையும் கரிசலில் அது அவற்றின் கதிராகும். கோவில்பட்டித் தொகுதி இக்கட்சியின் எஸ். அழகர்சாமியைப் பலமுறை சட்டமன்றத்திற்கு அனுப்பியதற்குக் காரணங்கள் பல. சின்னம் ஒன்றே அவ்வெற்றிகளைத் தந்ததெனல் பொருந்தாது. எனினும் அச்சின்னம் கரிசலுக்கு அயலானதாக இருக்கவில்லை எனலாம்.

இதற்கு மாறான நிலையை 2021ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் காணலாம். கோவில்பட்டியில் அ.தி.மு.க.வின் கடம்பூர் ராஜு இரட்டை இலையிலும், அ.ம.மு.க.வின் டி.டி.வி. தினகரன் பிரஷர் குக்கரிலும் போட்டியிட்டனர். மார்க்சிஸ்ட் கட்சிக்குச் சுத்தி அரிவாள் நட்சத்திரமும் நாம் தமிழர் கட்சிக்குக் கரும்பு விவசாயியும் இருந்தன. மழையை நம்பிய கரிசல் நிலத்திற்குரிய பயிரன்று கரும்பு; ஆயினும் விவசாயி என்ற சொல் அவ்விடைவெளியை நிரப்பியது. வென்றது இரட்டை இலை. குக்கரோ தினகரன் தாமாகத் தேடிக்கொண்ட குறியீடன்று. 2017 டிசம்பரில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் அவர் கேட்டது தொப்பி, கிடைத்தது குக்கர். அவ்வெற்றிக்குப் பின்னரே அச்சமையற் பாத்திரம் ஓர் அரசியல் அணியின் பெயர்போல் வழங்கலாயிற்று.

ஒரே பொருள் கடற்கரைதோறும் வேறுபடுவதற்குச் சங்கு மற்றொரு சான்று. தூத்துக்குடிக் கடலில் முத்தோடு சங்கும் குளிக்கப்பட்டது. அது வளையல் தொழிலுக்காக வங்கத்திற்கு ஏற்றுமதியான சரக்கு. ஒடிசாவின் பிஜு ஜனதா தளத்திற்கு அது கட்சிச் சின்னம். பூரி நகரைச் சங்கு க்ஷேத்திரம் எனப் போற்றும் மக்களிடையே அதே வடிவம் பெறும் பொருளும், சங்கு குளிப்போர் குடும்பத்தில் அது பெறும் பொருளும் ஒன்றல்ல. கோடு ஒன்று, வாசிப்பு இரண்டு.

சின்னம் மட்டுமே எஞ்சும் நிலை

பொருளுக்கும் கட்சிக்கும் இயல்பான பிணைப்பு இல்லை என்பதையும் வரலாறு காட்டுகின்றது. 1951–52இல் உதயசூரியன் அகில பாரதிய ராம ராஜ்ய பரிஷத்தின் சின்னம். பின்னர் அதுவே திராவிட முன்னேற்றக் கழகத்தின் சின்னமாயிற்று. வைதிகக் கட்சிக்கும் பகுத்தறிவு இயக்கத்திலிருந்து பிறந்த கட்சிக்கும் ஒரே ஞாயிறு பொருந்தியது. பார்வர்டு பிளாக்கின் ஒரு பிரிவுக்குரியதாயிருந்த கை, 1978க்குப் பின் இந்திரா காங்கிரசின் சின்னமாயிற்று.

ஆயினும் நீண்ட பயன்பாடு பிணைப்பை உருவாக்கிவிடுகின்றது. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அறிமுகமான இரட்டை இலை 1989 சட்டமன்றத் தேர்தலின்போது முடக்கப்பட்டது. ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. 2017இல் மீண்டும் முடக்கப்பட்டபோது தொப்பியும் மின்கம்பமும் அதன் இடத்தை நிரப்ப வந்தன. கட்சியின் உரிமை யாருக்கு என்ற வழக்கு, நடைமுறையில் ஓர் ஓவியம் யாருக்கு என்ற வழக்காகவே நிகழ்ந்தது.

2015 முதல் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளரின் நிழற்படமும் இடம்பெறுகின்றது. எழுத்தறிவும் பெருகியுள்ளது. எனவே சின்னத்தின் தேவை குறைந்துவிட்டதெனக் கருதலாம். 2024 மக்களவைத் தேர்தலில் இராமநாதபுரத்தில் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது, அதே பெயரும் அதே தலைப்பெழுத்தும் கொண்ட வேறு ஐவரும் களத்தில் இருந்தனர். எழுதப்படிக்கத் தெரிந்தவருக்கும் அங்கே பெயர் போதவில்லை. நிழற்படத்தோடு ஒரு பழத்தின் கோட்டுருவமும் துணைநிற்க வேண்டியிருந்தது.

முடிவுரை

சார்பற்ற பொருள் என்று ஒன்றில்லை என்பதே தேர்தல் சின்ன ஓவியங்களின் வரலாறு உணர்த்துவது. ஓவியர் பொருளைச் சூழலினின்று நீக்கி வரைகின்றார்; கரிசல் உழவரும் சங்கு குளிப்பவரும் அதனைத் தத்தம் சூழலில் வைத்துப் படிக்கின்றனர். அவ்வாறு படிக்க இடந்தருவதாலேயே அது அறியத்தக்கதாகின்றது. எனவே சார்பின்மையை ஒவ்வொரு பொருளிலும் தேடுவதைவிட, எவருடைய வீட்டுப் பொருளும் விடுபடாத பட்டியலில் தேடுவதே பொருத்தமாகும். எப்பொருள் நீக்கப்படுகின்றது, எது சேர்க்கப்படுகின்றது என்பது அலுவலகக் குறிப்பாக மட்டும் நின்றுவிடாமல், யாருடைய கண் கணக்கில் கொள்ளப்படுகின்றது என்ற உரிமைச் சிக்கலாக ஆராயப்படுதல் வேண்டும். கையொப்பமில்லாத இவ்வோவியங்களும் தீப்பெட்டி ஒட்டுப்படங்களும் வட்டாரவாரியாகத் தொகுக்கப்பட்டு ஒப்புநோக்கப்படின், எழுத்துக்கு வெளியே வளர்ந்த தமிழ் மக்களின் படவாசிப்பு வரலாற்றுக்கு உறுதியான அடித்தளம் கிட்டும்.