இணையவழி வரன் தேடலும் விளம்பரப் புனலும்

விளம்பரத்தைப் பார்ப்போர் பலர். அதைச் சொடுக்கிப் பார்ப்போர் சிலர். பதிவு செய்வோர் அவர்களிலும் குறைவு, பணம் கட்டுவோர் மிகக் குறைவு. மேலே அகன்று கீழே குறுகும் இந்த அமைப்பைச் சந்தைப்படுத்தல் துறையினர் 'புனல்' என்பர். பெரும்பாலான தொழில்களில் ஒருமுறை புனலைக் கடந்து வந்த வாடிக்கையாளர் மீண்டும் வாங்க வருவார். வரன் தேடும் சேவையில் அப்படியில்லை. சேவை வெற்றி பெற்றால் வாடிக்கையாளர் போய்விடுவார். எனவே ஒவ்வோர் ஆண்டும் புதிய கூட்டத்தைப் புனலின் வாயில் கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருக்கிறது. இத்தொழில் விளம்பரத்தையே பெரிதும் நம்பியிருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

அச்சு விளம்பரக் காலம்

மணத்துணை தேடி அச்சில் வந்த முதல் விளம்பரங்களுள் ஒன்று 1695 ஜூலையில் லண்டனில் வெளியானது. ஜான் ஹாட்டன் நடத்திய வேளாண்மை, வணிக இதழில், சொத்துள்ளவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட சுமார் 30 வயது ஆண் ஒருவர், 3,000 பவுண்டு அளவுக்குச் செல்வமுள்ள பெண்ணைத் தேடினார். இந்திய நாளிதழ்களின் மணமகன், மணமகள் தேவைப் பத்திகளும் இதே வகையைச் சேர்ந்தவை. இடத்தைப் பொறுத்துக் கட்டணம் என்பதால் சாதி, உட்பிரிவு, நட்சத்திரம், படிப்பு, சம்பளம் ஆகியவற்றைச் சில சொற்களில் அடக்கும் சுருக்க மொழி உருவானது. பின்னர் இணையதளங்களின் தேடல் பெட்டிகளில் இடம்பெற்ற பகுப்புகள் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. நாளிதழ்ப் பத்தியின் சுருக்கச் சொற்களே தனித்தனிக் கட்டங்களாயின.

காசு வாங்கும் இடம்தான் மாறியது. தரகர் திருமணம் முடிந்ததும் கமிஷன் வாங்கினார். நாளிதழ் விளம்பரத்தை ஏற்கும்போதே பணம் பெற்றது. இணையதளமோ பதிவை இலவசமாக்கி, எதிர்த்தரப்பின் தொலைபேசி எண்ணைப் பார்க்கவோ செய்தி அனுப்பவோ கட்டணம் வைத்தது. ஆகவே வருமானம் வருவதற்கு முன்பே ஆள் சேர்க்கும் செலவை அது ஏற்க வேண்டும்.

பெயரே விளம்பரமான கதை

அமெரிக்காவில் மேட்ச்.காம் 1995இல் தொடங்கியது. ஓரிரு ஆண்டுகளில் இந்தியர்களுக்கான தளங்களும் தோன்றின. சென்னையைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் பணியாற்றியபோது, 1997இல் அங்குள்ள தமிழர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கினார். அதில் பஞ்சாங்கம் முதலிய பல பகுதிகள் இருந்தும், மக்கள் அதிகம் நாடியது வரன் பகுதியைத்தான். அதிலிருந்து வளர்ந்ததே பாரத்மேட்ரிமோனி.

அந்நிறுவனம் தமிழ்மேட்ரிமோனி, தெலுங்குமேட்ரிமோனி, கேரளாமேட்ரிமோனி என மொழிக்கும் வட்டாரத்திற்கும் ஒரு தளம் வைத்தது. பின்னர் சாதிகளுக்கும் சமயங்களுக்கும் தனித் தளங்கள் வந்தன. விளம்பரக் கணக்கில் இது கெட்டிக்கார ஏற்பாடு. தமிழ் வரன் தேடுபவர் தேடுபொறியில் என்ன சொற்களை இடுவாரோ அவையே தளத்தின் பெயர். பெயரைத் தனியாக அறிமுகப்படுத்தும் செலவு பெரிதும் மிச்சம். சாதிவாரிப் பிரிப்பும் அவ்வாறே: பொருந்தாதவர் எனக் கருதப்படுவோரைப் புனலின் வாயிலேயே வடிகட்டிவிடுவதால் விளம்பரக் காசு வீணாவதில்லை. சமூகத்தில் ஏற்கெனவே இருந்த சுவர்கள் இங்கே சிக்கனமாகப் பயன்பட்டன என்பதே உண்மை.

2006இல் யாகூ, கேனான் பார்ட்னர்ஸ் ஆகியவை இந்நிறுவனத்தில் 86.5 லட்சம் டாலர் முதலீடு செய்தன. ஷாதி.காம், ஜீவன்சாதி ஆகிய போட்டித் தளங்களும் அதே கூட்டத்தை ஈர்க்க முயன்றன.

சொல் யாருக்குச் சொந்தம்?

கூகுள் தன் ஆட்வேர்ட்ஸ் விளம்பரத் திட்டத்தை 2000இல் தொடங்கி, 2002இல் சொடுக்குக்குக் கட்டணம் என்ற ஏல முறையைக் கொண்டுவந்தது. ஒரு தேடுசொல்லுக்கு யார் வேண்டுமானாலும் ஏலம் கேட்கலாம். ஒருவர் 'தமிழ் மேட்ரிமோனி' என்று தேடினால் போட்டி நிறுவனத்தின் விளம்பரமும் பக்கத்தில் தோன்றக்கூடும். பெயரால் இலவசமாக வந்த கூட்டம் வாசலிலேயே திசைமாறும் நிலை உண்டானது.

பாரத்மேட்ரிமோனியை நடத்திய கன்சிம் இன்ஃபோ நிறுவனம், கூகுள் மீதும் போட்டி நிறுவனங்கள் மீதும் 2009இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தன் வணிகக் குறிகளைத் தேடுசொற்களாக விற்பது உரிமை மீறல் என்பது அதன் வாதம். 2010 செப்டம்பர் 30 அன்று நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை வழங்க மறுத்தார். அந்தப் பெயர்கள் விவரிப்புச் சொற்களின் சேர்க்கை என்பது முக்கியக் காரணங்களுள் ஒன்று. தமிழர்க்கான வரன் சேவை நடத்தும் எவரும் 'தமிழ்' என்ற சொல்லையும் 'மேட்ரிமோனி' என்ற சொல்லையும் பயன்படுத்தாமல் தம் தொழிலை விவரிப்பது கடினம். எளிதில் தேடிக் கண்டுபிடிக்க உதவிய அதே பொதுத்தன்மை, பெயரைக் காக்க வேண்டிய இடத்தில் பலவீனமாகிவிட்டது.

நிறுவனம் 2012இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் சென்றது. 2018 பிப்ரவரி 8 அன்று ஆணையம், தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதற்காகக் கூகுளுக்கு ரூ. 135.86 கோடி அபராதம் விதித்தது. ஆனால் அபராதத்திற்கு அடிப்படையானவற்றுள் விமானப் பயணத் தேடல் பெட்டிக்குத் தந்த தனியிடமும் ஒன்று. ஆட்வேர்ட்ஸ் தொடர்பான குற்றச்சாட்டில் விதிமீறல் இல்லை என்றே ஆணையம் கண்டது. மணத் தளம் தொடுத்த புகாரில் விமானச் சீட்டு விவகாரம் வென்றது.

விதிமுறைகளும் செயலிகளும்

2016 ஜூனில் மத்திய அரசு மணத் தளங்களுக்கு அறிவுரை நெறிமுறைகள் வெளியிட்டது. தளம் திருமணத்திற்கு மட்டுமே, நட்புறவுக்கு அன்று என அறிவிக்க வேண்டும். பயனரின் அடையாளச் சான்றைப் பெற வேண்டும். பொய்ப் படங்களும் மோசடிகளும் இதற்குப் பின்னணி. பதிவுகளின் எண்ணிக்கையைப் பெருக்கவே முனையும் புனலில், போலிப் பதிவும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு பதிவுதான். மகளின் படத்தையும் கைபேசி எண்ணையும் நம்பிக் கொடுக்கும் பெற்றோருக்கு அந்த ஒன்று போதும், பெருந்தீங்காக.

மேட்ரிமோனி.காம் எனப் பெயர் மாறிய நிறுவனம் 2017 செப்டம்பரில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. திரட்டும் தொகையைச் செலவிட அறிவித்திருந்த இனங்களுள் விளம்பரமும் ஒன்று. அதற்குள் பயனர்கள் கணினியிலிருந்து கைபேசிச் செயலிக்கு மாறிவிட்டிருந்தனர். வாசலும் இடம் மாறியது; வாசற்காவலர் மாறவில்லை. செயலிக்குள் பெறும் கட்டணத்தில் கூகுள் கேட்ட பங்கை எதிர்த்து நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் தள்ளுபடி செய்தது. மேல்முறையீடும் 2024 ஜனவரியில் தோற்றது. 2024 மார்ச் 1 அன்று பாரத்மேட்ரிமோனி, கிறிஸ்டியன்மேட்ரிமோனி, முஸ்லிம்மேட்ரிமோனி, ஜோடி ஆகிய செயலிகளைக் கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. மத்திய அமைச்சர் தலையிட்டுப் பேச்சு நடத்தியபின், சில நாள்களில் நீக்கப்பட்ட செயலிகள் மீண்டும் இடம்பெற்றன. கட்டணத் தகராறு மட்டும் தீரவில்லை.