செங்கல் கல்லும் ஹாலந்தின் நுண்ணுயிரும்

1800 ஏப்ரலில் பிரான்சிஸ் புக்கானன் என்கிற ஸ்காட்லாந்து டாக்டர் மெட்ராஸிலிருந்து மேற்கே கிளம்புகிறார். திப்பு இறந்து ஒரு வருஷம்கூட முடியவில்லை. பிடிபட்ட சீமையில் மண் எப்படி, என்ன விளையுது, ஜனங்க எப்படிப் பிழைக்கிறாங்கன்னு பார்த்து எழுதச் சொல்லி வெல்லஸ்லியின் உத்தரவு. பயணத்தின் தொடக்கத்திலேயே நம்ம செம்பரம்பாக்கம் ஏரி வந்துவிடுகிறது. நூம்பலில் உட்கார்ந்து அந்தப் பக்கங்களைப் படிப்பது தனி சுகம்.

ஆனால் மண் அறிவியலில் அவர் பெயர் நிலைத்தது, அந்த வருஷக் கடைசியில் மலபாரின் அங்காடிப்புரத்தில் பார்த்த ஒரு கல்லால். தோண்டும்போது இரும்புக் கருவியால் வெட்டும் அளவுக்கு மென்மை. காற்று பட்டால் இறுகிவிடும். உள்ளூரில் அதற்கு ‘செங்கல் கல்’ என்று அர்த்தம் வரும் பெயர். செங்கல்லுக்கான லத்தீன் சொல்லிலிருந்து 1807இல் வெளியான பயண நூலில் ‘லேட்டரைட்’ என்று பெயர் வைத்தார். மலையாளிகளுக்கு வெட்டுகல், நம்ம பக்கம் செம்புராங்கல். 1863இல் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கோடரி எடுத்ததும் இந்த வகைச் சரளையில்தான்.

பெயர் வைத்தாச்சு. எப்படி உருவாகுது? பாறை சிதையும்போது மழைநீர் சுண்ணாம்பு, பொட்டாஷ், சிலிக்கா எல்லாவற்றையும் கரைத்துக் கொண்டுபோக, இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. குளிர்நாடுகளில் இது பெரும்பாலும் களிமண்ணோடு நின்றுவிடும், சிலிக்கா அலுமினாவை விடாது. வெப்பநாட்டில் மட்டும் ஏன் பிரிகிறது?

1903இல் தாமஸ் ஹாலந்து ஒரு பதில் சொன்னார். நம்ம பல்லாவரத்துப் பாறைக்கு, ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து ‘சார்னக்கைட்’ என்று பெயரிட்ட அதே ஹாலந்துதான். பாக்டீரியா மாதிரி ஏதோ ஒரு நுண்ணுயிர் அந்தப் பிணைப்பை உடைத்துப் பிழைக்கிறது, குளிரில் அதனால் வாழ முடியாது என்பது அவர் ஊகம். அபத்தமாகத் தோன்றலாம். ஆனால் கனிமப் பொருளை மட்டும் வைத்தே ஜீவிக்கும் பாக்டீரியாக்கள் உண்டு என்று வினோகிராட்ஸ்கி காட்டிப் பதினைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தச் சூட்டில் பிறந்த ஊகம் என்றே நினைக்கிறேன்.

அப்படி ஒரு நுண்ணுயிர் கிடைக்கவில்லை. வெப்பம், மழை, நல்ல வடிகால், லட்சக்கணக்கான வருஷம் என்று விளக்கம் மாறியது. ஆனால் நுண்ணுயிர் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. காட்டு மண்ணில் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயு, மழைநீரில் கரைந்து அமிலமாகிப் பாறையை அரிக்கிறது. நீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில், சில பாக்டீரியாக்கள் அதற்குப் பதிலாக இரும்பை வைத்தே ‘சுவாசிக்கின்றன’. இரும்பு கரைந்து நகர்கிறது; காற்று பட்ட இடத்தில் துருவாகப் படிகிறது. ஹாலந்து ஆளைத் தவறாகப் பிடித்தார், தெரு சரியானதுதான்.

1964இல் மேரி மெக்நீல் ‘சயின்டிஃபிக் அமெரிக்க’னில் எழுதிய கட்டுரை பெரிய பயத்தைக் கிளப்பியது: வெப்பமண்டலக் காட்டை வெட்டினால் நிலம் செங்கல்லாக இறுகிவிடும். 1975இல் சான்செஸும் புவோலும், அப்படி இறுகக்கூடிய மண் வெப்பமண்டலத்தில் சிறு பங்குதான் என்று காட்டினார்கள்.

கல்லாவதைவிடச் சாதாரணமான இழப்பு வேறு. பல காலம் மழையில் அலசிய இந்த மண்ணில் சத்து பெரும்பாலும் மரத்திலும் உதிர்ந்த இலையிலும்தான் இருக்கும். மண்ணிலுள்ள பாஸ்பரஸை இரும்பு இறுகப் பிடித்துக்கொள்ளும். வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைகள்தான் மரங்களுக்கு அதைத் தேடிக் கொடுப்பவை. மரம் போனால் அந்தப் பூஞ்சைகளுக்கும் சோறு கிடையாது.