நூறு கிலோ ஆமையை யாருங்க திருடுவாங்க?

இந்த வாரம் ஒரு திருட்டு கேஸ்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

2021 நவம்பர். ஈசிஆர்ல, வடநெம்மேலி முதலைப் பண்ணை. ரோமுலஸ் விட்டேகரும் ஸாய் விட்டேகரும் 1976-ல தொடங்கின இடம். அங்கே இருந்த ஒரு அல்டாப்ரா ஆமை ராத்திரியோட ராத்திரியா காணாமப் போச்சு. எடை கிட்டத்தட்ட 100 கிலோ. தனி ஆள் தூக்கிட்டு ஓடற பொருள் இல்லை. விஷயம் பேப்பர்ல வந்ததே அப்புறமாத்தான்.

இந்த ஆமையோட சொந்த ஊர் செஷல்ஸ் நாட்டுல இருக்கற அல்டாப்ரா பவளத்தீவு. ஒரு காலத்துல இந்தியப் பெருங்கடல்ல மொரீஷியஸ், ரீயூனியன், ரோட்ரிக்ஸ்னு பல தீவுல பெரிய ஆமைங்க இருந்துச்சு. 1691-ல ரோட்ரிக்ஸ்ல இறங்கின ஃபிரான்சுவா லெகா, ஆமை முதுகு மேலேயே கால் வச்சு நடந்து போற அளவுக்குக் கூட்டம் இருந்ததா எழுதினார். அப்புறம் கப்பல்காரங்க வந்தாங்க. பெரிய ஆமை மாசக்கணக்குல தீனி, தண்ணி இல்லாமலே உயிரோட இருக்கும். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துல மாலுமிக்கு இதைவிட வசதியான கறி ஏது? கப்பல் அடித்தளத்துல அடுக்கி ஏத்திட்டுப் போனாங்க. கொஞ்ச காலத்துல அந்த மூணு தீவுலயும் இருந்த இனங்கள் மொத்தமா அழிஞ்சுபோச்சு.

மிஞ்சினது அல்டாப்ரா மட்டும்தான். குடிக்க நல்ல தண்ணி இல்லை, நடந்தா காலைக் கிழிக்கிற பாறை. மனுஷன் தங்க முடியாத இடம்ங்கறதே ஆமைக்குக் காவலா இருந்துச்சு. அங்கேயும் மரம் வெட்ட ஆள் போகப் போறாங்கன்னு தெரிஞ்சதும், 1874-ல மொரீஷியஸ் கவர்னருக்கு ஒரு கடிதம் போச்சு. கையெழுத்து போட்டவங்கள்ல சார்லஸ் டார்வின் ஒருத்தர். அவரோட பரிணாமக் கொள்கையைக் கடுமையா எதிர்த்த ரிச்சர்ட் ஓவன் இன்னொருத்தர். ஆமை விஷயத்துல ரெண்டு பேரும் ஒரே பக்கம்!

1960-கள்ல பிரிட்டன் அதே தீவுல ராணுவ விமானதளம் கட்டத் திட்டம் போட்டது. விஞ்ஞானிகள் எதிர்த்தாங்க, பிரிட்டன் கையிலயும் காசு இல்லை, 1967-ல திட்டம் கைவிடப்பட்டது. 1982-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமா அறிவிச்சது. இன்னிக்கு அங்கே சுமார் ஒரு லட்சம் ஆமைங்க இருக்கு.

இந்தியாவுல இந்த இனத்துல பேர் வாங்கினது கொல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சி சாலையில இருந்த அத்வைதா. ராபர்ட் கிளைவ் வளர்த்ததுன்னு ஒரு கதை உண்டு. 1875 வாக்குல அங்கே வந்து, 2006 மார்ச்சுல செத்துப்போச்சு. கிளைவ் கதையை விட்டுட்டாலும், ஒரே வளாகத்துல 130 வருஷம்!

இதுல நமக்கு என்ன? வேப்பம்பட்டுல இருந்து நாம ஏறுற லோக்கல் ட்ரெயின் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்ல போய் நிக்குது இல்லையா? சென்னையோட பழைய மிருகக்காட்சி சாலை அந்தப் பக்கம், பீப்பிள்ஸ் பார்க்லதான் இருந்துச்சு. 1855-ல எழும்பூர் மியூசியத்துல எட்வர்ட் பால்ஃபர் தொடங்கினது. 1985-ல வண்டலூருக்குப் போயிடுச்சு. 130 வருஷத்துல மூணு இடம். ஒரு ஆமையோட ஆயுசுக்குள்ள இவ்வளவும் நடந்துடும். அதனால ஒரு ஆமையைக் காப்பாத்தறதுன்னா, நமக்குப் பிறகு நாலு தலைமுறையும் அதைக் காவல் காக்கணும். அது நடக்க ஒரு நூற்றாண்டு வேணும், கெட்டுப்போக ஒரு ராத்திரி போதும்.

நம்ம ஊர் நட்சத்திர ஆமைக்கும் இதே ஆபத்துதான். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது"ன்னு சொன்ன அதே ஊர்ல, அதிர்ஷ்டம்னு அதை வீட்டுல வளர்க்கறவங்களும் இருக்காங்க. வெளிநாட்டுக்குக் கடத்தறப்ப சென்னை ஏர்போர்ட்ல பெட்டி பெட்டியா பிடிபடுது. 2019-ல சர்வதேச வர்த்தகத்துக்கு முழுத் தடை வந்துடுச்சு. நம்ம வனவிலங்குச் சட்டப்படி வீட்டுல வச்சிருந்தாலே குற்றம். யார்கிட்டயாவது இருந்தா வனத்துறைகிட்ட ஒப்படைக்கச் சொல்லுங்க. நீங்களே ஏரிக்கரையில விட்டுடாதீங்க, அது நீந்தற ஆமை இல்லை.

முதலைப் பண்ணைக்குப் போனா, முதலையைப் பார்த்துட்டு அப்படியே திரும்பிடாதீங்க. ஆமைங்க பக்கமும் ஒரு பத்து நிமிஷம் நில்லுங்க. அதுங்களுக்கு அவசரமே இல்லை. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.